கதம்பத்தில் ஒரு பச்சை

மும்பை சீத்தா கேம்ப்பில் சாயங்காலம் பூக்கார அக்கா ஈரச் சாக்கை விலக்கியதும் முதலில் எழும்புகிற வாசம் மல்லிகையுடையது அல்ல. அந்த நேரத்துக்கு மல்லி இன்னும் மொட்டு. வாய் திறக்க இருட்ட வேண்டும். முந்திக்கொண்டு வருவது, தட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டாகக் கிடக்கிற மரிக்கொழுந்தின் வாசம். பார்க்கக் கீரைக் கட்டு மாதிரிதான் இருக்கும். சாம்பல் பூத்த பச்சை. ஒவ்வொரு இலையும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டது போல நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். "கதம்பம் ஒரு முழம் குடுங்கக்கா" என்றால், மல்லி, கனகாம்பரம், நடுவில் இந்தப் பச்சையில் ஒரு கிள்ளு என்று விரல் தன் போக்கில் எடுத்து எடுத்துக் கட்டும். விலை கேட்கிறவர்கள் மல்லிக்குத்தான் கேட்பார்கள். மரிக்கொழுந்தைப் பூ என்று யாரும் சொல்வதில்லை. அது பச்சை. வாசத்துக்குச் சேர்ப்பது.

அந்தத் தட்டில் மூன்று பேர் ஒரே குடும்பம். மஞ்சள் சாமந்தி ஒன்று. செண்டுமல்லி ஒன்று; மும்பையில் கேந்தா என்றும் ஜேண்டு என்றும் கேட்டால்தான் கிடைக்கும். மூன்றாவது, இந்த மரிக்கொழுந்து. மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள். சாமந்தியின் பூர்வீகம் சீனா. செண்டுமல்லியின் பூர்வீகம் மெக்சிகோ; கடல் தாண்டி வந்து, தசராவுக்கு அது இல்லாமல் மும்பையில் ஒரு டாக்ஸிகூட நகராது என்கிற அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. தட்டில் உள்ள அந்தக் குடும்பத்தில் தென்னிந்திய மண்ணையே பூர்வீகமாகக் கொண்டது, பூ என்று யாரும் மதிக்காத அந்தப் பச்சை மட்டும்தான்.

தட்டை விட்டு வெளியே போனாலும் இதே கதைதான். சுவர் ஓரம், கால்வாய்க் கரை, இடிந்த கட்டடத்தின் மண்மேடு என்று சீத்தா கேம்ப்பில் தானாக முளைக்கிற சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளைப் பாருங்கள். அடிபட்ட காயத்தில் கசக்கி வைக்கிற வெட்டுக்காயப் பூண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. தோலில் அரிப்பையும் மூக்கில் தும்மலையும் கிளப்புகிற பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. நம்முடைய செடிகளைத் தேடினால், கண்ணில் படாத இடத்தில் அடக்கமாக நிற்கும்.  மரிக்கொழுந்தும், அதன் அண்ணன் முறையான மலைச்செடி மாசிபத்திரியும் அப்படித்தான். இந்த இரண்டு பேரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தக் குடும்பத்தின் ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். சாமந்தி ஒன்றை எடுத்து நிதானமாகப் பிய்த்துப் பாருங்கள். இதழ் என்று நாம் நினைத்து இழுப்பது இதழ் அல்ல, ஒரு முழுப் பூ. அதன் அடியில் சின்னதாகச் சூற்பை இருக்கும். நுனியில் இரண்டாகப் பிளந்த சூல்முடி எட்டிப் பார்க்கும். சூரியகாந்தியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் மஞ்சள் நாக்கு நீட்டிக்கொண்டிருப்பவை ஒரு வகைப் பூக்கள். நடுவில் வட்டமாக நெருக்கியடித்து நிற்கிற குழல்கள் இன்னொரு வகைப் பூக்கள். நடுவில் உள்ள ஒவ்வொரு குழலும் ஒரு விதை தரும். பெரிய சூரியகாந்தித் தலை ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கும். ஒரு பூவைப் பறித்ததாக நினைத்து ஊரையே பறித்திருக்கிறோம். தாவரவியலாளர்கள் இந்த அமைப்பைத் தலைமஞ்சரி என்கிறார்கள். உலகில் இந்தக் குடும்பத்துக்கு இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எண்ணிக்கையில் ஆர்க்கிட் குடும்பம் மட்டுமே இதனுடன் போட்டிக்கு வரும்.

ஓரத்து நாக்குகளின் வேலை விளம்பரம். தேனீக்கும் வண்டுக்கும் தூரத்திலிருந்தே "இங்கே வா" என்று காட்டுகிற பலகை. செலவு பிடிக்கிற வேலை அது. ஆனால் பூச்சி வந்தால் செலவு மீண்டுவிடும்.

மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் ஆர்ட்டிமீசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உலகில் சுமார் 500 இனங்கள் கொண்ட இந்தப் பேரினம் அந்தச் செலவை நிறுத்திவிட்டது. வட ஆசியாவின் குளிர்ந்து காய்ந்த புல்வெளிகளில் பூச்சி குறைவு, காற்று அதிகம். காற்றையே நம்பினால் என்ன என்று போன பாதை இது. காற்றுக்கு விளம்பரப் பலகை எதற்கு? ஓரத்து நாக்குகள் மறைந்தன. தலைகள் சுருங்கிச் சுருங்கி மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்தன. நிமிர்ந்து சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பல இனங்களில் கவிழ்ந்து தொங்கின. அசையும்போது மகரந்தம் உதிர அது வசதி. பூச்சியின் உடலில் ஒட்டிக்கொள்வதற்காக இந்தக் குடும்பத்து மகரந்தத்தில் வழக்கமாக இருக்கிற முள்ளும் தேய்ந்து போயிற்று. மரிக்கொழுந்து பூக்கவில்லை என்று நாம் நினைப்பது அதனால்தான். முற்றிய கட்டு ஒன்றை வாங்கி, நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பூக்கூட்டம்.

அப்படியானால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பூச்சியை அழைக்க வேண்டிய தேவையே இல்லாத செடிக்கு இவ்வளவு வாசம் எதற்கு?

வாசம் பூவில் மட்டும் இல்லை என்பதுதான் முதல் தடயம். இலையைக் கசக்கினாலே கை முழுக்க மணக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் இலையின் மேல் இரண்டு விதமான ரோமங்கள் தெரியும். ஒன்று வெறும் பஞ்சு; வெயிலையும் நீரிழப்பையும் தடுக்கிற போர்வை. இன்னொன்று சுரப்பி. ஆர்ட்டிமீசியாவில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இனத்தில், ஒவ்வொரு சுரப்பியும் இரண்டு வரிசையாக அடுக்கிய பத்து செல்களால் ஆனது. அந்தச் செல்கள் எண்ணெயைத் தயாரித்து, மேல்தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பையில் சேர்த்து வைக்கின்றன. பை தானாகத் திறக்காது. கடித்தால்தான் உடையும். கம்பளிப்புழுவின் வாயோ ஆட்டின் பல்லோ பட்ட நிமிடத்தில் அந்தக் கசப்பும் காரமும் வாய்க்குள் வெடிக்கும். நாம் தலையில் வைத்து மகிழ்கிற வாசம், செடியின் கணக்கில், "கிட்டே வராதே" என்கிற எச்சரிக்கை.

சாமந்தி இலையையும் ஒரு தடவை கசக்கி முகர்ந்து பாருங்கள். பூவில் இல்லாத ஒரு மருந்து நெடி இருக்கும், மரிக்கொழுந்தின் சாயல் அதில் அடிக்கும். சாமந்தியும் ஆர்ட்டிமீசியாவும் குடும்பத்துக்குள்ளே ஒரே கிளையின் பிள்ளைகள். செண்டுமல்லி தூரத்து உறவு.

மரிக்கொழுந்து எண்ணெயின் உயிர் தவனோன் என்கிற வேதிப்பொருள். பெயரே நம் மொழிகளிலிருந்து போனது. தமிழில் இந்தச் செடிக்கு இன்னொரு பெயர் தவனம். கன்னடத்தில் தவன, மராத்தியில் தவணா. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குத் தவன உற்சவம் உண்டு. கர்நாடகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்கே தவனப் பௌர்ணமி என்று பெயர். அதே பௌர்ணமியில் கோலாப்பூர் பக்கத்து ஜோதிபா குன்றில் கூடுகிற பெருங்கூட்டம் சாமிக்கு இந்தத் தவணாவைத்தான் சாத்துகிறது. இத்தனை இடங்களிலும் ஏறக்குறைய ஒரே பருவத்தை ஒட்டியே இந்தச் செடி வருவதற்குக் காரணம் வயலில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓயும்போது விதைத்தால் சுமார் நூற்றுப் பத்து நாளில் பூத்து அறுவடைக்கு நிற்கும். எண்ணெய் அதிகம் ஊறியிருப்பதும் அந்தப் பூக்கும் நேரத்தில்தான். சாமிக்கு எது சேர வேண்டும் என்பதை வயல் முடிவு செய்திருக்கிறது.

சீத்தா கேம்ப்பில் இந்த வாசத்துக்கு மதம் கிடையாது. மரிக்கொழுந்து அத்தர் பூசிக்கொண்டு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்களும், செடா நகர் முருகனைப் பார்க்கக் கதம்பம் வைத்துக்கொண்டு செம்பூருக்கு பஸ் ஏறுகிறவர்களும் ஒரே சந்தில்தான் இருக்கிறார்கள்.

இனி அண்ணன். மாசிபத்திரியைச் சிலர் மாசிப்பச்சை என்பார்கள். மரிக்கொழுந்து முழங்கால் உயரம் வளர்ந்து ஒரே பருவத்தில் முடிந்துபோகிற செடி. மாசிபத்திரி அப்படியல்ல. மண்ணுக்கடியில் கிழங்கோடி, வருஷத்துக்கு வருஷம் துளிர்த்து, ஆள் உயரத்துக்கும் மேலே போகிற புதர். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் பஸ் வளைந்து ஏறும்போது, வெட்டிய மண்சரிவில் கூட்டமாக நின்று காற்றில் இலையின் வெள்ளை அடிப்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டுமே, அதுதான். அறிவியல் பெயர் ஆர்ட்டிமீசியா நீலகிரிக்கா. முதலில் இதை ஐரோப்பாவின் மாசிபத்திரி இனத்தோடு சேர்த்தே எண்ணிவந்தார்கள். 1876-இல் சார்லஸ் பாரன் கிளார்க் இதை அந்த ஐரோப்பிய இனத்தின் ஒரு வகை என்று பிரித்து, நீலகிரியின் பெயரைச் சூட்டினார். 1926-இல் இத்தாலியத் தாவரவியலாளர் பம்பானினி, வகை அல்ல, தனி இனமேதான் என்று உயர்த்தினார். பழைய மூலிகைப் புத்தகங்களில் மாசிபத்திரிக்கு எதிரே ஐரோப்பியச் செடியின் பெயர் அச்சாகியிருப்பதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம். நீலகிரி என்று பெயர் இருந்தாலும் இமயமலைச் சரிவுகளிலும் இது அடர்ந்து வளர்கிறது. சஹ்யாத்ரியின் உயரங்களிலும் உண்டு. அங்கே மராத்தியில் இதற்குப் பெயர் டோர் தவணா. டோர் என்றால் மாடு. வளர்ப்புத் தவணாவின் காட்டு உறவு, ஆகிருதியில் பெரியது, மணத்தில் முரடு என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே பேரினம் என்பதை மேய்ச்சல்காரர்களின் மூக்கு தானாகவே கண்டுபிடித்திருக்கிறது.

அந்த இலையின் வெள்ளை அடிப்பக்கம் நெருக்கமான பஞ்சு ரோமம். காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பச்சைத் தூள் உதிர்ந்து பஞ்சு மட்டும் உருண்டையாக மிஞ்சும். மாசிபத்திரியின் கிழக்காசிய உறவுகளிலிருந்து சீனாவிலும் ஜப்பானிலும் இந்தப் பஞ்சைத்தான் பிரித்தெடுத்து, சுருட்டிப் பற்றவைத்து, வலிக்கிற இடத்துக்குச் சூடு காட்டுகிறார்கள். சுவாலையில்லாமல் நிதானமாகக் கனன்று எரிவது அதன் குணம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீன மருந்துக் கடை வாசலில் வருகிற அந்தப் புகை வாசம் நம்மூர்க்காரர்களுக்கு எங்கேயோ முகர்ந்தது போலத் தோன்றினால், தோன்றியது சரிதான்.

பிள்ளையார் சதுர்த்திக்கு இருபத்தோரு இலைகளால் பூஜை செய்கிற வழக்கத்தில், நம் பக்கத்துப் பட்டியலில் முதலில் வருவது மாசி. மும்பையில் அந்த வாரம் தெருவோரம் கட்டிவைத்து விற்கிற பத்ரிக் கட்டு மராத்திப் பட்டியலின்படி வருவது. அதில் மாசி இருக்காது. ஆனால் மாக்கா இருக்கும். மாக்கா என்றால் நம் கரிசலாங்கண்ணி; அதுவும் சூரியகாந்திக் குடும்பம்தான். இலை மாறினாலும் குடும்பம் மாறவில்லை. மாசி கேட்டுக் கிடைக்காத வீட்டில் மரிக்கொழுந்தை வைத்து ஒப்பேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தாவரவியல்படி அது மோசமான மாற்று இல்லை.

இந்தப் பேரினத்தில் இன்னொரு சகோதரி உலகப் புகழ் பெற்றது, சீத்தா கேம்ப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில், மலேரியாவில். இந்தக் குடியிருப்பு உருவானதே ஒரு துயரத்தில். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17-ஆம் தேதி, மான்கூர்டு ஜனதா காலனி இடிக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவை என்றார்கள். தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் மக்களைத் திரட்டி வருஷக்கணக்காகப் போராடியும் தடுக்க முடியவில்லை. பல்லாயிரம் பேரை லாரிகளில் ஏற்றி, தானே கழிமுகத்தின் ஓரத்தில் இந்தச் சதுப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். சேற்றில் மண்ணைக் கொட்டித்தான் வீடு. சதுப்பில் குடிவைத்ததால்தான் காய்ச்சல் என்று முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாதி சரி. கொசு சதுப்பில் உண்டு. ஆனால் மும்பை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி என்கிற கொசுவுக்குப் பிடித்தது சுத்தமான தேங்கிய தண்ணீர். மேல்தொட்டி, கிணறு, வீட்டு வாசல் டிரம். குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்காமல் வாழ முடியாத ஓர் இடத்தில் அந்தக் கொசுவுக்குச் சதுப்பு தேவையே இல்லை. கொசுவை வளர்த்தது நிலம் அல்ல, தண்ணீர்ப் பங்கீடு.

அந்தக் காய்ச்சலின் மிகக் கொடிய வகைக்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கிற கூட்டு மருந்துகளின் முதுகெலும்பு, ஆர்ட்டிமீசியா அனுவா என்கிற சீனச் செடியிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின். 1967 மே 23-இல் சீனா ரகசியமாகத் தொடங்கிய திட்டத்தில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு பழைய மருத்துவ நூல்களைச் சலித்தது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங், இந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார். காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்ற யோசனை தூ யூயூவுக்கு அங்கேதான் பிறந்தது. கொதிக்கவைப்பதை விட்டு, குறைந்த வெப்பத்தில் ஆவியாகிற ஈதரில் பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி எலிகளின் இரத்தத்திலிருந்த ஒட்டுண்ணியை முழுமையாக அழித்தது. 2015-இல் நோபல் பரிசு.

ஆர்ட்டிமிசினினும் நம் தவனோனும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டிலும் கார்பன் அணுக்கள் பதினைந்து. ஐந்து கார்பன் கொண்ட ஒரே செங்கல்லை மூன்று முறை அடுக்கித்தான் இரண்டு செடிகளும் தங்கள் கட்டடத்தைத் தொடங்குகின்றன. முடிக்கிற விதத்தில்தான் வித்தியாசம். ஆர்ட்டிமிசினினின் நடுவில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து ஒரு பாலம் போட்டிருக்கின்றன. சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினைத் தின்று கொழுக்கிற மலேரியா ஒட்டுண்ணியிடம் இரும்பு நிறைய இருக்கும். அந்த இரும்பு பட்டதும் பாலம் உடைந்து, கிடைத்ததையெல்லாம் சிதைக்கிற துகள்களாக மாறி ஒட்டுண்ணியைக் கொல்கிறது. தவனோனில் அந்தப் பாலம் இல்லை. அதனால் அது வாசத்தோடு நின்றுவிடுகிறது. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. செடிகள் உறவு என்பதால் மரிக்கொழுந்துக் கஷாயம் மலேரியாவுக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். குளிர்காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை.

மாசிபத்திரி சீத்தா கேம்ப்பில் முளைக்குமா என்றால், முளைக்காது. அதற்கு மலைக்குளிரும் தண்ணீர் வடிகிற சரிவும் வேண்டும். இங்கே காலுக்கடியில் உப்பு. கழிமுகத்தின் விளிம்பில் வெண்கண்டல் மரங்கள், அவற்றுக்கு அப்பால் சேற்றில் குளிர்காலத்துப் பூநாரைகள். 2015-இல் சரணாலயமாகவும் 2022-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட தானே கழிமுகம் அது. சூரியகாந்திக் குடும்பம் பனிமலை, பாலைவனம் என்று எல்லா இடத்திலும் கால் ஊன்றியிருந்தாலும் உப்புச் சேற்றில் அதன் ஆட்கள் குறைவு. விதிவிலக்காக ஒரு புதர் உண்டு, புளூச்சியா இண்டிகா. வங்கத்தின் சுந்தரவனத்திலிருந்து சிங்கப்பூர் வரை கண்டல் காடுகளின் உலர்ந்த ஓரத்தில் ஊதாப் பூக்களோடு நிற்கும். மலாய்க்காரர்கள் அதைப் பெலுந்தாஸ் என்பார்கள். கொழுந்தைப் பச்சையாகவே உணவில் சேர்ப்பார்கள். தாய்லாந்தில் அதன் இலை தேநீர். அதன் கொழுந்தைக் கசக்கினாலும் மருந்து வாசம்தான்.

மரிக்கொழுந்தை மட்டும் இங்கேயே வளர்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி போதும். விதை தூள் போல இருக்கும். இரண்டு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெண்மையாக முளை எட்டிப் பார்த்ததும் மணலில் கலந்து தூவ வேண்டும். மழை முழுக்க ஓய்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பெருமழை அதற்கு ஆகாது.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராத்திரி தலையிலிருந்து எடுத்த கதம்பத்தை அப்படியே தூக்கிப் போட மாட்டார். காலையில் பிரிப்பார். மல்லி பழுப்பேறி, வாசம் போய், ஒரு புளிப்பு நாற்றத்துக்கு வந்திருக்கும். மல்லிகை தன் வாசத்தைச் சேமித்து வைப்பதில்லை. மாலையில் இதழ் விரியும்போது தயாரித்து அப்போதே காற்றில் விடும். இரவுப் பூச்சிகளுக்கான அழைப்பு அது. விடிந்தால் வேலை முடிந்தது. ஆவியில் காய்ச்சினால் அந்த வாசம் கெட்டுவிடும் என்பதால் மல்லிகை மணத்தைக் கரைப்பான்களில் பிரித்தெடுக்கிறார்கள். மரிக்கொழுந்து எண்ணெயை ஆவியில் வடித்தே எடுக்கலாம். கடிபடும் நாளுக்காகப் பையில் பூட்டி வைத்த சரக்கு அது. ஆச்சி மல்லியைத் துளசிச் செடி மூட்டில் போடுவார். நரம்பு நரம்பாகக் காய்ந்த மரிக்கொழுந்தை ஒன்று சேர்த்து, தகரப் பெட்டியில் புடவை மடிப்புகளுக்கு நடுவே வைப்பார். "பூச்சி அண்டாதுட்டி" என்பார். பெட்டியைத் திறந்து ஒரு காம்பை எடுத்து விரலால் நசுக்கினால், எத்தனை மாசம் ஆகியிருந்தாலும், உடையாமல் மிச்சமிருந்த பைகளில் ஒன்றிரண்டு அப்போது உடையும்.